வைட்டமின் மாத்திரையால் முழங்கால் தேய்மானம் நிற்குமா?

முழங்கால் வலியோடு மருந்துக் கடைப் படியேறும் ஒருவர் வலி மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்குவது அபூர்வம். வைட்டமின் டி3 பொட்டலம், கால்சியம் மாத்திரை, குளுக்கோசமைன் கலந்த ஏதாவதொன்று, வைட்டமின் ஈ உருண்டை என்று பை கனத்துவிடும். ‘ஜவ்வு தேஞ்சுபோச்சு, இதைச் சாப்பிட்டா மேற்கொண்டு தேயாது’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சின் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதிக்கு ஆதாரம் இருக்கிறதா என்று முப்பது ஆண்டுகளாகப் பல நாட்டு மருத்துவர்கள் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடல் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்தால், மாதாமாதம் இந்தப் பைக்குப் போகும் பணம் எதை வாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு மேற்கே பிரேமிங்ஹாம் என்றோர் ஊர் இருக்கிறது. 1948இல் அந்த ஊர்க்காரர்கள் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, இதய நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராயத் தொடங்கினார்கள். ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் சிகரெட்டும் மாரடைப்பைக் கொண்டுவரும் என்று இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்வதற்கு வழி செய்தவர்களில் அந்த ஊர் மக்களும் உண்டு. அவர்களுக்கு வயதானபோது முழங்கால்களையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். 1983க்கும் 1985க்கும் இடையே ஒருமுறை, 1992-93இல் மறுமுறை. என்ன சாப்பிடுகிறார்கள், என்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் எழுதி வாங்கினார்கள். இவற்றை வைத்து டிமோதி மெக்காலிண்டனும் டேவிட் ஃபெல்சனும் அவர்களுடைய சகாக்களும் 1996இல் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள். இன்றைய நம்பிக்கையின் பெரும்பகுதி அந்த இரண்டிலிருந்தே கிளைத்தது.

முதல் கட்டுரை வைட்டமின் சி பற்றியது. ஆய்வில் இருந்த 640 பேரை, உணவிலும் மாத்திரையிலும் வைட்டமின் சி குறைவாகப் பெற்றவர்கள், நடுத்தரமாகப் பெற்றவர்கள், நிறையப் பெற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்தார்கள். நடுத்தரமாகவும் நிறையவும் பெற்றவர்களுக்கு, ஏற்கெனவே இருந்த தேய்மானம் முற்றும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காக இருந்தது. இரண்டாம் கட்டுரை வைட்டமின் டி பற்றியது. ரத்தத்தில் டி குறைந்திருந்தவர்களுக்குத் தேய்மானம் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டு வைட்டமின்களுமே தேய்மானம் புதிதாகத் தொடங்குவதைத் தடுத்ததாகத் தெரியவில்லை. தொடங்கியது முற்றாமல் காத்ததாக மட்டுமே தெரிந்தது. தொடங்கிவிட்ட நோயாளிக்கு அதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? பத்திரிகைகளுக்கு நல்ல தலைப்பு கிடைத்தது. மாத்திரை விற்பவர்களுக்கும்தான்.

உடலின் அமைப்பைப் பார்த்தாலும் இந்த முடிவு பொருத்தமாகவே தோன்றியது. தொடையெலும்பும் காலெலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நடக்கும்போது அழுத்தம் ஏறி இறங்குவதால் மூட்டு நீர் உள்ளே போய் வெளியே வருகிறது. அந்த நீர்தான் அதற்கு உணவு. குருத்தெலும்பின் சட்டகம் கொலாஜன் என்ற புரதம். கொலாஜன் இழைகள் முறுக்கேறி உறுதிப்பட வைட்டமின் சி அவசியம். வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதும் பழைய காயம் மீண்டும் திறந்துகொள்வதும் அந்த இழைகள் சரியாக உருவாகாததால்தான். வைட்டமின் டிக்கும் இங்கே வேலை இருக்கிறது. குருத்தெலும்புக்கு அடியில் அதைத் தாங்கி நிற்கும் எலும்பின் தரம் டியைச் சார்ந்தது. குருத்தெலும்பு உயிரணுக்களிலேயே வைட்டமின் டியை ஏற்கும் புரதம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. காரணம் பொருந்துகிறது, கணக்கும் பொருந்துகிறது. ஆனாலும் மருத்துவத்தில் இந்த இரண்டும் சேர்ந்து நின்றும் பொய்த்துப்போன சம்பவங்கள் பல உண்டு.

அவற்றில் புகழ்பெற்ற ஒன்று பின்லாந்தில் நடந்தது. காய்கறி பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கு, நுரையீரல் புற்று குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. அதை நம்பி, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குழுக்களாகப் பிரித்துச் சிலருக்கு பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு அதிகம். நன்மை செய்தது ஒருவேளை காய்கறியாக இருக்கலாம், காய்கறி தின்னும் மனிதரின் மற்றப் பழக்கங்களாகவும் இருக்கலாம். மாத்திரைக்குள் அடைத்த ஒற்றைப் பொருள் அதைச் செய்யவில்லை.

முழங்காலிலும் இதே ஐயத்துக்கு இடம் இருந்தது. வைட்டமின் டி குறைந்தவர்கள் யார்? உடல் பருத்தவர்களின் ரத்தத்தில் டி குறைவாக இருக்கும், கொழுப்பு அதை இழுத்துவைத்துக்கொள்வதால். பருமனே முழங்காலுக்குப் பெரிய எதிரி. மூட்டுவலி உள்ளவர் வீட்டோடு கிடப்பார், வெயில் படாது, டி குறையும். அப்படியானால் குறைபாட்டால் மூட்டு தேய்ந்ததா, மூட்டு தேய்ந்ததால் குறைபாடு வந்ததா? கணக்குப் போடும்போது எடையையும் வயதையும் கழித்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது. 2007இல் ஃபெல்சன் குழுவினரே பிரேமிங்ஹாமின் அடுத்த தலைமுறையில் 715 பேரையும், பாஸ்டனில் முழங்கால் வலி உள்ள 277 பேரையும் வைத்து மறுபடி பார்த்தார்கள். வைட்டமின் டிக்கும் தேய்மானம் முற்றுவதற்கும் தொடர்பே காணவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான் இருந்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு வைட்டமின், மறு பாதிக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, மருத்துவருக்கும் தெரியக்கூடாது.

அதைச் செய்தவர் அதே மெக்காலிண்டன். பாஸ்டனின் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 146 பேரைச் சேர்த்தார். பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்து, ரத்த அளவைப் பார்த்துப் பார்த்துத் தேவைப்பட்டவர்களுக்கு அளவையும் கூட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குருத்தெலும்பின் கன அளவை அளந்தார்கள். இரண்டு குழுவிலுமே ஏறத்தாழ 4.3 விழுக்காடு குறைந்திருந்தது. வலி இரண்டு குழுவிலும் சற்றுக் குறைந்தது, குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அந்த முடிவு வெளிவந்தது. தன் பெயரை உலகறியச் செய்த கருத்தைத் தானே முன்வந்து சோதித்து, அது நிற்கவில்லை என்று தன் பெயரிலேயே அச்சிட்ட அந்த நேர்மை இந்தக் கதையில் மதித்துப் போற்ற வேண்டிய பகுதி.

அடுத்தடுத்து வந்தவையும் அதே பக்கம் சாய்ந்தன. பிரிட்டனில் 474 பேருக்குத் தினம் 800 யூனிட் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி இரு பக்கமும் ஒரே வேகத்தில் குறைந்தது. 800 யூனிட் போதாது என்று அதை ஒதுக்கலாம். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவிலும் மெல்பர்னிலும் நடந்த ஆய்வில் அந்த வாதத்துக்கு இடமில்லை. அங்கே சேர்த்துக்கொண்ட 413 பேரும் ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தவர்கள். மாதம் ஒருமுறை 50,000 யூனிட், இரண்டு ஆண்டுகள். 2016இல் வெளிவந்த முடிவு: குருத்தெலும்பு இழப்பில் மாற்றமில்லை, வலியிலும் கணக்கில் கொள்ளத்தக்க மாற்றமில்லை. பின்னர் அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடந்த பெரிய வைட்டமின் டி ஆய்வில், நாள்பட்ட முழங்கால் வலி உள்ள 1,398 பேரைத் தனியாகத் தொடர்ந்தார்கள். தினம் 2,000 யூனிட், சராசரி ஐந்தாண்டுக்கும் மேல். வலி குறையவில்லை.

ஆனால் ஒரு சிறு வெளிச்சம் ஆஸ்திரேலிய ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. அதே தரவுகளைப் பின்னர் வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளும் ரத்தத்தில் போதிய டி அளவோடு இருந்தவர்களுக்குக் குருத்தெலும்பு இழப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. மூட்டில் நீர் கோப்பதும் வைட்டமின் குழுவில் சற்று மட்டுப்பட்டது. குலுக்கிப் பிரித்த பிறகு மறுபடி பிரித்துப் பார்த்தால் பழைய ஐயங்கள் திரும்பி வந்துவிடும் என்பதால் இவற்றை முடிவாகக் கொள்ள முடியாது. அடுத்த ஆய்வுக்கான கேள்வியாகக் கொள்ளலாம்.

நம் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். லக்னோவின் கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முழங்கால் தேய்மானமும் வைட்டமின் டி பற்றாக்குறையும் சேர்ந்திருந்த 107 பேரை எடுத்துக்கொண்டார்கள். பத்து நாளுக்குத் தினம் 60,000 யூனிட், பிறகு மாதம் ஒருமுறை அதே அளவு, ஓராண்டு. 2013இல் வெளியான முடிவில், வைட்டமின் குழுவின் வலி சிறிதே குறைந்திருந்தது, வெற்று மாத்திரைக் குழுவின் வலி சிறிதே கூடியிருந்தது. இடைவெளி சின்னது, ஆய்வும் சின்னது, முன்னோடிச் சோதனை என்றே அவர்கள் அதை அழைத்தார்கள். இருந்தாலும் வெளிநாட்டு ஆய்வுகளோடு இது ஏன் ஒத்துப்போகவில்லை என்று யோசிக்க வேண்டும்.

யோசித்தால் பதில் ஒன்று தென்படுகிறது. வெயில் கொளுத்தும் தென்னிந்தியாவிலேயே வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருக்கிறது. திருப்பதி வட்டாரத்தில் ஆரோக்கியமாக உள்ளவர்களிடம் எடுத்த ஆய்வு அதை 2007இல் காட்டியது. கருத்த தோல் டியைத் தயாரிக்க அதிக நேரம் வெயில் வேண்டும், உடல் முழுக்க மூடிய உடை, சமையலறையும் அலுவலகமுமாகக் கழியும் பகல், சைவ உணவில் டி கிடைக்கும் வழி மிகக் குறைவு. பற்றாக்குறை முற்றினால் எலும்பு மென்மையாகும் நோய் வருகிறது. அதில் கால் எலும்புகள் வலிக்கும், தொடைத் தசைகள் தளரும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது, படியேற முடியாது. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் இந்த வேதனையோடு போனால் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த வயதில் கொஞ்சம் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரியாதவர் குறைவு. ‘மூட்டுத் தேய்மானம்’ என்று சீட்டில் எழுதியாகிவிட்டது. வைட்டமின் டி கொடுத்ததும் சில வாரங்களில் கால் லேசாகிறது. குணமானது எலும்பும் தசையும், பெயர் கிடைப்பது மூட்டுக்கு. அவர் அண்டை வீட்டாருக்கும் அந்தப் பொட்டலத்தைச் சிபாரிசு செய்கிறார். அண்டை வீட்டாருக்குப் பற்றாக்குறையே இல்லாமல் இருக்கலாம். அவருக்கு அது நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

ஆகவே வைட்டமின் டியைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. பற்றாக்குறை இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டுமா? கட்டாயம் வேண்டும், எலும்புக்காகவும் தசைக்காகவும். தேய்ந்துகொண்டிருக்கும் குருத்தெலும்பை அது நிறுத்துமா? இதுவரை நடந்த நல்ல சோதனைகள் ‘இல்லை’ என்கின்றன. மருந்துக் கடை முகப்பில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போவதுதான் துயரம்.

வைட்டமின் சியின் கதை இன்னும் விசித்திரமானது. மனிதரைப் போலவே கினிப் பன்றியும் தன் உடலில் வைட்டமின் சியைத் தயாரிக்க முடியாத பிராணி. அதற்கு வயதாக ஆக முழங்கால் தானாகவே தேய்கிறது. ஆய்வுக்கு இதைவிட ஏற்ற உயிர் கிடைக்காது. 1980களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், அறுவை செய்து மூட்டைக் கெடுத்த கினிப் பன்றிகளுக்கு நிறைய வைட்டமின் சி கொடுத்தபோது தேய்மானம் குறைந்தது. 2004இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா கிராஸ் குழுவினர், அறுவை எதுவும் செய்யாமல் இயல்பாகத் தேயும் 46 கினிப் பன்றிகளுக்கு எட்டு மாதம் மூன்று வேறு அளவுகளில் வைட்டமின் சி கொடுத்தார்கள். அளவு கூடக் கூட மூட்டு மோசமானது. எலும்பு முனைகளில் முள்போல் துருத்தும் வளர்ச்சிகள் அதிகமாயின. மூட்டில் தழும்பையும் எலும்பு வளர்ச்சியையும் தூண்டும் ஒரு புரதத்தை அதிக வைட்டமின் சி கிளப்பிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உணவின் மூலம் கிடைக்கும் பரிந்துரை அளவைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று எச்சரித்தார்கள்.

மனிதரிடம் என்ன? டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ள 133 பேருக்குத் தினம் 1 கிராம் கால்சியம் அஸ்கார்பேட் இரண்டு வாரம் கொடுத்தபோது வலி சற்றுக் குறைந்தது. இரண்டு வாரத்தை வைத்துத் தேய்மானத்தைப் பேச முடியாது. 2014இல் வெளிவந்த, பல ஊர்களில் நடந்த அமெரிக்க ஆய்வொன்றில் ரத்தத்தில் வைட்டமின் சி, ஈ அதிகம் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. சி மிக அதிகமாக இருந்தவர்களிடம் தேய்மானம் புதிதாகத் தோன்றுவது கூடுதலாகவே இருந்தது. பிரேமிங்ஹாமின் 1996 முடிவைக்கூட மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது. நடுத்தரமாகப் பெற்றவர்களுக்கும் நிறையப் பெற்றவர்களுக்கும் ஒரே அளவு நன்மைதான் அங்கே தெரிந்தது. பற்றாக்குறை இல்லாமல் இருந்தால் போதும், மேலே மேலே ஏற்றுவதால் பயனில்லை என்பதே அந்த எண்களின் பேச்சு. கொய்யாவும் நெல்லிக்காயும் கிடைக்கும் ஊரில் அந்தப் போதுமான அளவுக்கு மாத்திரை தேவைப்படாது.

வைட்டமின் ஈயைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மெல்பர்னில் 136 பேருக்குத் தினம் 500 யூனிட் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து இரண்டு ஆண்டுகள் எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். குருத்தெலும்பு இரு குழுவிலும் ஒரே மாதிரி குறைந்தது, வலியும் ஒரே மாதிரி இருந்தது. அதன் ஆபத்து வேறோர் இடத்தில் தெரிந்தது. 35,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் வெளியிட்டார்கள். முழங்காலுக்கென்று ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கும் அறுபது வயதுக்காரர் இந்த எண்ணை அறிந்திருக்க வேண்டும்.

பி வகையில் நியாசினமைடு பழங்கதை. வில்லியம் காஃப்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1940களில் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, மூட்டு மடங்கி நீள்வதைக் கோணமானியால் அளந்து பதிந்துவைத்தார். ஒப்பிட வெற்று மாத்திரைக் குழு அவரிடம் இல்லை. 1996இல் 72 பேரைக் கொண்டு நடந்த பன்னிரண்டு வாரச் சோதனை ஓரளவு சாதகமாக வந்தது. அதில் கொடுத்த அளவு தினம் 3 கிராம், கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய அளவு. பெரிய சோதனை ஒன்று இல்லாமல் அதை யாருக்கும் சொல்ல முடியாது.

இந்த வரிசையில் கதவு இன்னும் மூடாதது வைட்டமின் கே. கீரையில் நிறைய இருப்பது. ரத்தம் உறைய அது வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். குருத்தெலும்பில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் ஒரு புரதத்தை வேலை செய்யவைப்பதும் அதுதான் என்பது அவ்வளவாகத் தெரியாது. 2006இல் பாஸ்டனைச் சேர்ந்த துஹினா நியோகி குழுவினர், ரத்தத்தில் கே குறைந்தவர்களின் கை விரல் மூட்டுகளிலும் முழங்காலிலும் தேய்மான அடையாளங்கள் அதிகம் என்றார்கள். 2013இல் 1,180 பேரை 30 மாதம் தொடர்ந்த ஆய்வு, கே குறைந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் புதிதாக வரும் வாய்ப்பு கூடுதல் என்றது. வேறொரு பக்கத்திலிருந்தும் சாட்சி கிடைக்கிறது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற மருந்துகள் வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்தே ரத்தத்தை உறையாமல் வைக்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வில் அந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் வேகமாக இருந்தது தெரியவந்தது.

மாத்திரைச் சோதனை? 500 மைக்ரோகிராம் கே கொடுத்து மூன்றாண்டு நடந்த ஒரு சோதனையில் கை எக்ஸ்ரேக்களை மட்டும் பார்த்தார்கள். மொத்தத்தில் பயனில்லை. தொடக்கத்தில் கே குறைந்திருந்து, பிறகு போதிய அளவை எட்டியவர்களிடம் மட்டும் மூட்டு இடைவெளி சுருங்குவது குறைவாக இருந்தது. இங்கேயும் அதே சேதிதான்: குறைந்தவருக்குக் கொடுத்தால் ஒருவேளை. ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வைட்டமின் கே மாத்திரை வாங்கினாலோ மருந்தை நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

‘சாப்பிட்டேன், வலி குறைந்தது’ என்று சொல்லும் லட்சக்கணக்கானோர் பொய் சொல்கிறார்களா? நிச்சயமாக இல்லை. 2006இல் அமெரிக்காவில் 1,583 பேருக்குக் குளுக்கோசமைன், அதைப் போலவே மூட்டுக்கென்று விற்கும் காண்ட்ராய்டின், வலிமருந்து, வெற்று மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்து 24 வாரம் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 விழுக்காட்டினருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் தனித்தனியாகவோ சேர்ந்தோ மொத்தக் கணக்கில் அதை மிஞ்சவில்லை. முழங்கால் வலி ஏறி இறங்கும் வலி. தாங்க முடியாத உச்சத்தில்தான் மனிதர் கடைக்கோ மருத்துவரிடமோ போகிறார். உச்சத்துக்குப் பின் எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வலி கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தின் புகழ் அப்போது கையில் இருந்த மாத்திரைக்குப் போய்ச்சேரும்.

‘நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்ற சமாதானமும் சரியில்லை. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் 2,256 பேரில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கொருமுறை 5 லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். கீழே விழுவதும் எலும்பு முறிவும் அவர்களுக்குக் கூடியது. சூரிச் நகரில் 200 முதியவர்களிடம் நடந்த சோதனையில், மாதம் 60,000 யூனிட் பெற்றவர்கள் 24,000 பெற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்கள். நம்மூர்ப் பொட்டலத்திலும் அதே 60,000 யூனிட் என்பது கவனத்துக்குரியது. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு மாதக்கணக்கில் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், சிறுநீரகப் பாதிப்பு என்று அது வளரும். முழங்கால் ஏற்கெனவே தடுமாறும் முதியவருக்கு இன்னொரு விழுதல் இடுப்பெலும்பு முறிவில் முடியலாம்.

மருத்துவச் சங்கங்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2019இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி, முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் வேண்டாம் என்று அழுத்தமாகவும், வைட்டமின் டி வேண்டாம் என்று சற்றுத் தணிந்த குரலிலும் சொன்னது. 2021இல் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் அகாதமி, வைட்டமின் டியும் மஞ்சளும் இஞ்சிச் சாறும் மிதமான நோயில் வலிக்கு உதவக்கூடும், ஆனால் சான்று வலுவற்றது என்றது. வலி பற்றித்தான் அந்த வேற்றுமை. தேய்மானத்தை நிறுத்தும் என்று இரண்டுமே சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. குருத்தெலும்பு இழப்பை நிறுத்துவதாக நிரூபித்து அமெரிக்க, ஐரோப்பிய மருந்து ஆணையங்களின் அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. பெரிய மருந்து நிறுவனங்களின் ஊசிகளே எட்டாத இடத்தை ஒரு சத்து மாத்திரை எட்டிவிட்டது என்று அட்டைப்பெட்டி சொன்னால் அதைச் சந்தேகிக்க எல்லா உரிமையும் உண்டு.

கைக்கு எட்டுவது என்ன என்பதற்கும் பிரேமிங்ஹாம் தரவுகளிலேயே ஒரு பதில் இருந்தது. வைட்டமின் கட்டுரைகளுக்கு நான்கு ஆண்டு முன்பே, 1992இல், ஃபெல்சன் ஒன்றைக் காட்டியிருந்தார். பத்தாண்டில் ஏறத்தாழ ஐந்து கிலோ எடை குறைத்த பெண்களுக்கு வலியுள்ள முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று ஸ்டீபன் மெசியர் குழு 2005இல் அளந்து சொன்னது. அவர்களே பருமனான 454 பேரை 18 மாதம் தொடர்ந்த சோதனையில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் சராசரியாகப் பத்து கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். வலி, நடை இரண்டிலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வதானால், அந்த 18 மாதத்தில் எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் தேய்மானத்தின் வேகம் அவர்களுக்கும் மாறவில்லை. மூட்டின் படம் மாறாமலே மனிதரின் நாள் மாறியது. மாடிப்படி ஏற முடிந்தது, கடைக்குப் போய்வர முடிந்தது. நோயாளி கேட்பதும் அதைத்தானே?

தொடைத் தசைப் பயிற்சிக்கும் சான்று வலுவானது. 2015இல் 54 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, தரையிலும் நாற்காலியிலும் செய்யும் பயிற்சிகள் வலியைக் குறைக்கின்றன, பயிற்சி முடிந்த பின்னும் சில மாதங்கள் அந்தப் பலன் நிற்கிறது என்று கண்டது. டென்மார்க்கில் 2013 முதல் இதை ஒரு நாடளாவிய திட்டமாகவே நடத்துகிறார்கள். நோயைப் பற்றி இரண்டு வகுப்பு, பிறகு பயிற்றுநர் முன்னிலையில் ஆறு வாரத்தில் பன்னிரண்டு பயிற்சி. ‘தேய்ந்த மூட்டை ஆட்டினால் இன்னும் தேயும்’ என்ற பயத்தைப் போக்குவதே அந்த வகுப்புகளின் முதல் வேலை. அரசு மருத்துவமனைப் பிசியோதெரபி பிரிவில் இதைக் கற்றுக்கொள்ள ஆகும் செலவு, ஒரு மாதச் சத்து மாத்திரைக்கு ஆவதைவிடக் குறைவு.

வைட்டமின் டி எழுதிக் கொடுக்கும்போது மருத்துவரிடம் நோயாளி கேட்கத் தகுந்தவை சில உண்டு. ரத்தத்தில் அளவு பார்த்தாயிற்றா, எவ்வளவு இருக்கிறது? பற்றாக்குறை என்றால், வாரம் ஒன்றா மாதம் ஒன்றா, எத்தனை வாரம், எப்போது நிறுத்த வேண்டும்? இது எலும்புக்கா, மூட்டுக்கா? சிறுநீரகக் கல்லோ வேறு கோளாறோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேறு மருத்துவர் கொடுத்த கால்சியம் மாத்திரையிலும் டி கலந்திருக்கும், அந்த அட்டையையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டினால் இரண்டையும் கூட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.